இரண்டாம் மாடியில் கவுளி சொன்னது

பெற்ற அப்பாவை ஏமாற்றுவதற்காக நான் ஒரு பல்லியைக் கடத்தியிருக்கிறேன். உயிருள்ள பல்லி. சந்தனப் பவுடர் டப்பாவில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் சேலத்தின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு. (எனக்கு டிக்கெட் எடுத்தேன். பல்லிக்கு எடுக்கவில்லை.)

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பது தாண்டிய பிறகு மனிதர்கள் தங்கள் இளமையின் மடத்தனங்களை எடுத்துத் தூசி தட்டி, "ஐயோ, அப்படியெல்லாம் செய்திருக்கக் கூடாது" என்று உச்சுக்கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வெட்கம் உண்டு. காது மடல் வரைக்கும் உண்டு. வருத்தம் மட்டும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்தொன்பது வயது. சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். தங்கியிருந்தது வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில், ஓர் அறையில் ஆறு கட்டில். ஆறு கட்டிலுக்கும் சேர்த்து ஒரே ஜன்னல். அந்த ஜன்னலும் வார்டன் அம்மாவின் அறையைப் பார்த்துத்தான் திறக்கும். கட்டிலில் சம்மணம் போட்டு, தகரப் பெட்டியை மேசையாக்கி நான் எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். மழை என்று ஒரு சொல் எழுதினால் போதும், ஐந்து தலைகள் எட்டிப் பார்த்து, "எங்கே, ஓமலூர்ப் பக்கமா?" என்று கேட்கும். ஒரு சொல்லை எழுதி, அது பொய் என்று தெரிந்து அடித்து, மறுபடி அதையே எழுதுவதற்கு மனிதருக்கு ஒரு கதவு வேண்டும். உள்ளேயிருந்து தாழ் போடக் கூடிய கதவு. நான் ராஜ்ஜியம் கேட்கவில்லை. ஒரு தாழ்ப்பாள் கேட்டேன்.

அப்போதுதான் செய்தித்தாளுக்குள் மடித்து வைத்த ஒரு நோட்டீஸ் வந்தது. சூரமங்கலம் கடைத்தெருவிலிருந்து நான்கு நிமிட நடையில், புதிய அடுக்குமாடிக் கட்டடத்தில், இரண்டாம் மாடியில், ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை, குளியலறை, பால்கனி. விற்பனைக்கு.

அன்று மாலையே போய்ப் பார்த்தேன். பால்கனியில் நின்றால் ஜங்ஷன் தெரிந்தது. ஒன்றாக வந்த தண்டவாளங்கள் அந்த இடத்தில் மனம் மாறிப் பிரிந்து, வெயிலில் உருகி, ஒவ்வொன்றும் தன் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில் சேர்வராயன் மலை, துவைத்துப் போட்ட நீலச் சேலை மாதிரி. நான் உள்ளே வந்து படுக்கையறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். திறந்தேன். மறுபடி போட்டேன். தாழ்ப்பாள் 'க்ளுக்' என்று சொன்னது. என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் எதையும் சொன்னதில்லை.

கட்டடக்காரர் திருச்செங்கோட்டுப் பக்கத்தவர். போர்வெல் வண்டி விட்டுச் சம்பாதித்த மனிதர். இருபது வருடம் பூமியைத் துளைத்துக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் மேலே பார்க்கலாம் என்று தோன்ற, மூன்று மாடியை எழுப்பிவிட்டார். மரியாதையான ஆள். என்னை 'அம்மணி' என்றார். கலர் சோடா வரவழைத்துக் கொடுத்தார். ஆனால் வீட்டை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றார்.

எனக்கு நிரந்தர வேலை என்றேன், அலுவலகத்தில் வீட்டுக்கடன் ஒப்புதலாகிவிட்டது என்றேன், சட்டப்படி எனக்குப் பதினோரு வருடம் முன்பே வயது வந்துவிட்டது என்றேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "தனியா ஒரு பொண்ணுக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு ஊரு என்னையத்தானுங்க அம்மணி கேக்கும். அப்பாவக் கூட்டியாங்க. அவுரு வந்து சரின்னு ஒரு வார்த்த சொல்லி, சாட்சிக் கையெழுத்துப் போட்டாச் சரி. ரயில்வே கார்டு ஒருத்தரு கேட்டுக்கிட்டிருக்கறாரு. ஞாயித்துக்கெழம வரைக்கும் உங்களுக்காக நிறுத்தி வெக்கறேன்."

ஆக, என் தாழ்ப்பாளுக்கும் எனக்கும் நடுவில் இப்போது நின்றது என் அப்பாவின் ஒரு வார்த்தை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால், கொஞ்சம் வாழை. யாரையும் அதட்ட மாட்டார். யார் சொல்வதையும் கேட்கவும் மாட்டார். அவர் கேட்பது ஒரே ஓர் உயிரின் பேச்சை. பல்லி. எங்கள் பக்கத்தில் அது குரல் கொடுத்தால் 'கவுளி சொல்லுது' என்பார்கள். எந்தக் காரியத்தையும் தொடங்கும் முன் அந்த இடத்தில் போய் உட்கார்ந்து, கவுளி சொல்கிறதா என்று காத்திருப்பது எங்கள் குடும்ப வழக்கம். நமக்குக் கிழக்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ சொன்னால் உத்தரவு. தரையில் மூன்று தட்டுத் தட்டி ஏற்றுக்கொள்ள வேண்டும். தெற்கிலிருந்து சொன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். (ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறும். எங்கள் வீட்டுக் கணக்கு இது.)

கிணறு வெட்டியது கவுளி சொல்லி. காளை வாங்கியது கவுளி சொல்லி. என்னைப் பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியதும் எங்கள் வீட்டுத் தெற்குச் சுவர்ப் பல்லிதான். அந்த வகையில் அந்த இனத்துக்கு நான் நன்றிக்கடன் பட்டவள்.

ஊருக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அப்பா வெற்றிலையைக் கட்டிக்கொண்டே கேட்டார். மேலே ஒருத்தன், கீழே ஒருத்தன், நடுவில் நீ என்றால் மண் யாருக்கு என்றார். மண்ணில் எல்லோருக்கும் பிரிக்காத பங்கு என்றேன். சரி, அதில் என் பொண்ணு பங்கு எந்த மூலை என்றார். மூலையெல்லாம் கிடையாது என்றேன். அவர் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மண்ணே இல்லாத வயலை யாரோ என் தலையில் கட்டுகிறார்கள் என்று அவர் நினைப்பது தெரிந்தது.

கடைசியில், "ஞாயித்துக்கெழம வாரேன். அங்க உக்காந்து பாப்பேன். கவுளி சொன்னா கையெழுத்துப் போடறேன். சொல்லலீன்னா நாமக்கல்லுக்கு மாத்தல் எழுதிக் குடுத்துப்போட்டு ஊட்டுக்கு வந்தரோணும். சரிதானா சாமி?" என்றார். (எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.)

சரி என்றேன். எவ்வளவு அலட்சியமாகச் சொன்னேன் தெரியுமா? நான் பகுத்தறிவுக்காரி. சகுனத்தை எதிர்த்து அலுவலகக் கேன்டீனில் மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறேன். பல்லி இல்லாத வீடு தமிழ்நாட்டில் ஏது, ஏதாவது ஒன்று கத்தாமலா போகும் என்பது என் அறிவியல் கணக்கு.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஃப்ளாட்டுக்குப் போய்ச் சுவர் சுவராகப் பார்த்தேன். பார்த்த வீட்டையே பார்க்க வந்திருக்கிறேனே என்று கட்டடக்காரருக்கு மகிழ்ச்சி. ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை அடித்திருப்பதைக் காட்டினார். சுவருக்குப் பூசிய இளம்பச்சை டிஸ்டெம்பரில் ஒரு மருந்து கலந்திருப்பதாகச் சொன்னார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இந்த பில்டிங்குல ஒரு கரப்பான் கெடையாது அம்மணி, ஒரு பல்லி கெடையாது" என்றார்.

எனக்குக் கண் இருட்டியது. (அவர் அதை ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கலர் சோடா வரவழைத்தார்.)

விடுதியில் என் பக்கத்துக் கட்டில் மல்லிகா. ராசிபுரத்தில் நெசவுக் குடும்பம். என் அலுவலகத்திலேயே கோப்பு அறையில் வேலை. ஆள் நூல்கண்டு மாதிரி இருப்பாள், எந்த இடுக்கிலும் நுழைவாள். அவளுக்கு ஒரு வித்தை உண்டு. காகம், ஆந்தை, தறி ஓடும் சத்தம், வார்டன் அம்மாவின் இருமல் என்று எதையும் அப்படியே வாயால் செய்வாள். அவளிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவள் இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, 'ச்சுக் ச்சுக் ச்சுக்' என்றாள். குளியலறைச் சுவரிலிருந்த பல்லியே திரும்பிப் பார்த்தது.

சனிக்கிழமை இரவு அந்தப் பல்லியையே பிடித்தோம். குரல் மட்டும் கேட்டால் அப்பா நம்ப மாட்டார், உருவமும் தெரிய வேண்டும் என்பது என் திட்டம். சினிமாவில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுவதில்லையா? நடிப்பு பல்லி, பின்னணிக் குரல் மல்லிகா. மூச்சு விட ஏற்கெனவே துளை உள்ள பாத்திரம் பவுடர் டப்பாதான். மூடியை நெம்பி எடுத்து, இருந்த பவுடரைத் தட்டிக் கொட்டி, உள்ளே விட்டு மூடினோம். முழுவதும் கொட்டவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பகுத்தறிவுக்காரி அந்த வாரம் முழுக்கப் பஞ்சாங்கத்தின் பல்லிப் பக்கத்தை மனப்பாடம் செய்தாள். தட்டச்சு எந்திரத்தில் ஓர் அரசாணைக்கு நடுவே 'கிழக்கு லாபம்' என்று அடித்துத் தொலைத்து, மேலதிகாரியிடம் விளக்கம் கொடுத்தாள். விளக்கம் என்ன என்று கேட்காதீர்கள்.

ஞாயிறு காலை அப்பாவுக்கு முன்பே நாங்கள் போனோம். பெருக்கி வைக்க வேண்டும் என்று சொல்லிக் காவல்காரரிடம் சாவி வாங்கினேன். ஃப்ளாட்டின் வாசற்கதவை ஒட்டி, குளியலறைக்கு மேலே ஒரு பரண் இருந்தது. பலகைக் கதவு போட்ட பரண். கட்டடத்தின் வாசல் கிழக்குப் பார்த்தது என்பதால் வாசற்கதவுப் பக்கம் கிழக்கு, ஆகவே பரண் கிழக்கு. இது என் கணக்கு. வெள்ளையடிப்பவர்கள் விட்டுப்போன ஏணியில் மல்லிகாவை ஏற்றி, டப்பாவைக் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தினேன். ஏணியைப் பால்கனியில் கொண்டுபோய்ச் சாத்திவைத்தேன். நான் இரண்டு முறை இருமினால் அவள் பல்லியை வெளியே விட்டுக் குரல் கொடுக்க வேண்டும்.

பத்து மணிக்கு அப்பா வந்தார். கையில் ஒரு கவுளி வெற்றிலையும் ஒரு சீப்புப் பூவன் பழமும். முன்பின் தெரியாத கட்டடக்காரருக்குக் கொடுக்க. (நூறு வெற்றிலை சேர்ந்த கட்டுக்கும் கவுளி என்றுதான் பேர். அந்தக் கவுளியால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.) படிக்கட்டு மூன்று இடத்தில் திரும்பும். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது: "மேக்கால போறோம்... இப்ப வடக்கால திரும்பறோம்..." கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் யாரும் இடது வலது என்று பேசுவதில்லை. பாயைக் கொஞ்சம் மேற்கே இழு என்பார்கள், இலையில் உப்பை வடக்கே வை என்பார்கள். கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டாலும் அப்பாவுக்குத் திசை தெரியும். சேலத்தில் ஆறு வருடம் இருந்து நான் தொலைத்த பொருள்களில் அது ஒன்று.

ஹால் நடுவில் துண்டை விரித்து அப்பா உட்கார்ந்தார். கட்டடக்காரர் தன் மருந்து கலந்த சுவரைப் பற்றித் தொடங்கினார்.

"ஒரு பல்லி கெடையாதுங்க" என்று முடித்தார்.

அப்பாவின் முகம் வாடியது. "பல்லிகூட இல்லாத ஊட்டுல வேற என்னுங்க இருக்கும்?"

"சுத்தம் இருக்குமுங்க."

"அதுசரி" என்றார் அப்பா. அந்த 'அதுசரி'யில் என் நாமக்கல் மாறுதல் உத்தரவு தட்டச்சாகிக் கையெழுத்தாகி வந்துகொண்டிருந்தது. நான் இரண்டு முறை இருமினேன்.

ச்சுக் ச்சுக் ச்சுக்.

அற்புதம். நிஜப் பல்லி வெட்கப்படும். அப்பாவின் கை தானாகத் தரைக்குப் போனது. விரலை மடக்கி முதல் தட்டுத் தட்டப் போனவர் பாதியில் நிறுத்தினார். ஜன்னலில் விழுந்த வெயிலைப் பார்த்தார். பரணைப் பார்த்தார்.

"தெக்க சொல்லுது" என்றார்.

கிழக்குப்பா என்றேன். கட்டடத்து வாசல் கிழக்குதானே என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வாசல் கெழக்குத்தான் சாமி. அதுக்கப்பறம் நாம மூணு திருப்பம் திரும்பி வந்தமே. வெயில் எங்க உளுவுது பாரு."

பார்த்தேன். விழுங்கிய எச்சில் புரை ஏறியது. இருமினேன்.

ச்சுக் ச்சுக் ச்சுக்.

அது மல்லிகாவுக்கு அல்ல என்று எப்படிச் சொல்வது? பதற்றம் கூடக்கூட இருமல் கூடியது. புது டிஸ்டெம்பர் வாடை வேறு. நான் நான்கு முறை இருமினால் அவள் இரண்டு முறை சொன்னாள், ஆறு முறை இருமினால் மூன்று. கடமை தவறாத அரசு ஊழியர். அப்பா விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருந்தார். ஏழாவதில் எழுந்து துண்டை உதறினார். தெற்கிலிருந்து இப்படி விடாமல் சொல்லி அவர் கேட்டதே இல்லையாம். கொடிக்கால் வெள்ளத்தில் போன வருடம்கூட இரண்டு முறைதான் சொன்னதாம். உடனே, இந்த நிமிடமே, பெட்டி படுக்கையோடு கிளம்பு என்றார்.

கட்டடக்காரர் வேறொரு துக்கத்தில் இருந்தார். தன் கட்டடத்தில் பல்லி. விற்கும் முன்பே, வாங்க வந்தவர் காதுபட. அவர் முகம் சிவந்துவிட்டது. காவல்காரரைக் கூப்பிட்டு நீளக் கம்பு வைத்த துடைப்பம் கொண்டுவரச் சொன்னார். நான் குறுக்கே விழுந்து, பாவம் ஒரு சின்னப் பிராணி, விட்டுவிடலாம் என்று ஜீவகாருண்யம் பேசினேன். அவர் காதில் விழவில்லை. துடைப்பக் கம்பால் பரண் கதவைக் குத்தித் திறந்தார்.

முதலில் பல்லி வந்தது. வெள்ளை வெளேரென்று வந்தது. தலை முதல் வால் வரை சந்தனப் பவுடர் அப்பியிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் முன் நிற்பதுபோலச் சுவரில் ஒரு கணம் நின்று எல்லோரையும் பார்த்தது. ஹால் முழுவதும் சந்தனம் மணத்தது. பிறகு பச்சைச் சுவரில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு மேலே ஓடியது. அடுத்து டப்பா உருண்டு வந்து மொசைக் தரையில் 'டங்' என்று விழுந்தது. மூன்றாவதாக, இருட்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள்.

மல்லிகா நல்ல வளர்ப்பு. விடுதிக்கு வந்த அப்பாவை ஒருமுறை பார்த்திருக்கிறாள். பெரியவர்களைக் கண்டால் சும்மா இருக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பரணில் குப்புறப் படுத்த நிலையிலேயே கையைக் கூப்பி, "வாங்கப்பா, நல்லா இருக்கறீங்களா?" என்று விசாரித்தாள்.

"இருக்கறேன் சாமி" என்றார் அப்பா. பழக்க தோஷம்.

ஜங்ஷனில் ஒரு கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாக இடித்துக்கொண்டு நகர்வது கேட்டது. என் தலைக்குள்ளும் ஏறக்குறைய அதுதான் நடந்துகொண்டிருந்தது.

கட்டடக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அம்மணி, நான் கட்டுனது ஊடுங்க. சர்க்கஸ் கொட்டாய் இல்ல." ரயில்வே கார்டுக்கு இன்றைக்கே ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னார். நான் ஏணியை எடுத்து வந்து பரணுக்கு நேர் கீழே வைத்துப் பிடித்துக்கொண்டேன். மல்லிகா ஒவ்வொரு படியாக இறங்கினாள், முகமெல்லாம் பவுடர். அப்பா சுவரில் போன வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவுளி பவுடர் போட்டிருக்குது" என்றார் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்து, "என்னைய இப்பிடி ஏமாத்தோணும்னு உனக்கு எப்பிடி சாமி தோணுச்சு?"

திட்டியிருந்தால் அழுதிருப்பேன். கேள்வி கேட்டுவிட்டார். உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டுவிட்டார். எனக்குள் எங்கேயோ இருந்த தாழ் கழன்றது.

ஆமாம், நான்தான் கொண்டுவந்தேன் என்றேன். வேறு என்ன செய்ய என்றேன். இந்தக் கட்டடக்காரருக்கு உங்கள் வார்த்தை வேண்டும், உங்களுக்குப் பல்லி வார்த்தை வேண்டும், என் வார்த்தை யாருக்கும் வேண்டாம். படிக்க வேண்டும் என்று நான் சொன்னபோது பதினைந்து நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். வேலைக்குப் போகிறேன் என்றபோதும் சுவரைத்தான் பார்த்தீர்கள். மூச்சு வாங்கியது. அடுத்ததை மட்டும் சொன்னது சொன்னபடி எழுதுகிறேன், ஏனென்றால் மல்லிகா இன்றைக்கும் அதை வார்த்தை மாறாமல் நடித்துக் காட்டுகிறாள்.

"இருவத்தொம்பது வருசமா நானும் உங்க ஊட்டுச் செவுத்துக்குள்ளதான்ப்பா கத்திக்கிட்டிருக்கறேன். பல்லி ஒருக்கா சொன்னாத் தரையத் தட்டறீங்க. நான் எத்தன தடவ சொன்னா நீங்க தட்டுவீங்க?"

கட்டடக்காரர் துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

அப்பாவின் கண் ஜன்னலுக்குப் போனது, வெயிலுக்குப் போனது, என் காலுக்கு வந்தது, ஏணிக்கு வந்தது. ஏதோ கணக்குப் போட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு எட்டு எனக்குக் கெழக்கால வந்து நின்னு சொல்லு சாமி."

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் நின்றது பரணுக்குக் கீழே. அவருக்கு நேர் தெற்கே. அங்கிருந்து யார் எதைச் சொன்னாலும் அவரால் ஏற்க முடியாது, பெற்ற மகள் சொன்னாலும். ஆனால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அதனால் இடம் மாற்றி நிற்கச் சொல்கிறார். இரண்டு எட்டு. அவருக்குக் கிழக்குப் பக்கமாக இரண்டே எட்டு நகர்ந்து நின்று சொல்லியிருந்தால் முடிந்தது காரியம். புத்தியுள்ள எந்தப் பெண்ணும் ஓடிப்போய் நின்றிருப்பாள்.

"மாட்டேன்" என்றேன்.

மல்லிகா என் இடுப்பில் கிள்ளினாள். கட்டடக்காரரே பதறிவிட்டார். "ரெண்டு எட்டுத்தானுங்க அம்மணி, வெச்சுருங்க" என்று எனக்காகக் கெஞ்சினார், தனக்கு அந்த விற்பனையே வேண்டாம் என்று அறிவித்துவிட்டவர்.

"நான் நின்ன எடத்துல இருந்துதான் சொல்லுவேன்" என்றேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. நகர்ந்திருந்தால் விழுந்திருப்பேன் என்பதுதான் உண்மை. ஏணியை நான் பிடித்திருந்தேனா, ஏணி என்னைப் பிடித்திருந்ததா என்று இன்று வரை முடிவாகவில்லை. ஆனால் நகரவில்லை. வீடு போனாலும் போகட்டும், நாமக்கல்லோ நரகமோ வரட்டும், அந்த இரண்டு எட்டை மட்டும் வைக்கக் கூடாது என்று என் கால் கட்டைவிரல் வரைக்கும் தெரிந்திருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். ஒரே பிடிவாதம் இரண்டு உடம்பில் நின்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டது.

பிறகு அவர் குனிந்து வேட்டியை மடித்துக் கட்டினார். ஓர் எட்டு தெற்கே வைத்தார். இன்னோர் எட்டு தெற்கே. அங்கிருந்து மேற்கே திரும்பி, வரப்பில் நடப்பதுபோல அளந்து அளந்து மூன்று எட்டு. சிறிய ஹால். மூன்றாவது எட்டில் முதுகு சுவரில் முட்டியது. தொட்டாலே மாவாக உதிரும் புது டிஸ்டெம்பர், வெள்ளைச் சட்டையில் பச்சையாக ஒட்டியது. மூலையில், ஸ்விட்சுப் பெட்டிக்குக் கீழே, அந்த மனிதர் நிமிர்ந்து நின்றார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இப்போது நான் அவருக்குக் கிழக்கே இருந்தேன்.

"இப்பச் சொல்லு" என்றார்.

எனக்கு வந்த சொற்களையெல்லாம் காணோம். மேகம், தண்டவாளம், மலை, எதுவும் இல்லை. "எனக்கு இந்த ஊடு வேணும்ப்பா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அதுவும் கீச்சுக் குரலில்.

அப்பா குனிந்து, விரல் கணுவை மடக்கி, மொசைக் தரையில் மூன்று தட்டுத் தட்டினார்.

அதற்குப் பிறகு அவருக்கு என்னைப் பற்றிக் கவலை இல்லை. நேராகக் கட்டடக்காரரிடம் போய் வெற்றிலையையும் பழத்தையும் கையில் கொடுத்து, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார். கட்டடக்காரர் சுதாரித்துக்கொண்டார். போடலாம், ஆனால் அந்தப் பல்லியை முதலில் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்றார். எல்லோரும் மேலே பார்த்தோம். அது மின்விசிறிக் கொக்கிக்குப் பக்கத்தில், எட்டாத உயரத்தில், வெள்ளையாக உட்கார்ந்திருந்தது.

"அது ஊட்டோட சேந்ததுங்க" என்றார் அப்பா. "பல்லி இல்லாத கட்டடம்னு சொல்லி வித்துக்கிட்டிருக்கறீங்க. இப்ப இதுல ஒண்ணு இருக்குது. வேற ஆருகிட்டங்க இத விப்பீங்க?"

இருபது வருடம் போர்வெல் வியாபாரம் செய்த மனிதர், தண்ணீர் வராத குழிக்கும் பதில் சொல்லிப் பழகியவர், பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அந்த ஃப்ளாட்டில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பால்கனிக்கு எதிரே கட்டடங்கள் வந்து ஜங்ஷனை மறைத்துவிட்டன, மலையை மறைத்துவிட்டன. தாழ்ப்பாளை மட்டும் யாரும் மறைக்கவில்லை. மல்லிகா கதையைச் சேலம் முழுவதும், பிறகு ராசிபுரம், நாமக்கல், வேலூர் என்று பஸ் போகும் ஊருக்கெல்லாம் அனுப்பிவைத்தாள். சொந்தக்காரர்கள் எனக்குக் கவுளிக்காரி என்று பேர் வைத்தார்கள். கல்யாண வீட்டில் நான் வாயைத் திறந்தால் போதும், யாராவது ஒரு சித்தப்பா, "இரு சாமி, நீ எங்க நிக்கறேன்னு பாத்துக்கறேன்" என்று நாற்காலியைத் திருப்பிப் போடுவார். பந்தியே சிரிக்கும். சிரிக்கட்டும்.

ஆனால் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் அந்தக் கதையை வேறு மாதிரி காதில் வாங்கியிருக்கிறார்கள். போன சித்திரையில் தம்பி மகள் ஊருக்கு வந்தாள். படிப்பை முடித்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போகப் போகிறேன் என்று தாத்தாவிடம் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது, முழங்கால் ஒத்துழைப்பதில்லை, நாற்காலியில்தான் வாசம். இவள் உள்ளே வந்தாள். சூரியன் எங்கே என்று பார்க்கவில்லை, சுவரில் எது இருக்கிறது என்று பார்க்கவில்லை. வந்த இடத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"தாத்தா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். நகந்து உக்காருங்க."

அப்பா அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்து நகரத் தொடங்கினார்.

சுவர் வரைக்கும் போக வேண்டியிருந்தது. போனார். அவள் அசையவே இல்லை.